500 பவுண்டு ஜன்னல்: மரணம் சிலபஸுக்குள் வந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு பரிசைப் பத்தினது. நோபல், புக்கர் மாதிரி செய்தியில வர்ற பரிசு இல்லை. வாங்குறவரோட அப்பா அம்மா, நாலு நண்பர்கள், ஒரு பேராசிரியர், இவ்வளவு பேர் மட்டும் கைதட்டுற பரிசு.

நம்ம ஊர் பட்டமளிப்பு விழாக்களில் கேட்டிருப்பீங்க. "அமரர் இன்னார் நினைவுத் தங்கப்பதக்கம், அறுவை சிகிச்சைப் பாடத்தில் முதல் மதிப்பெண் பெற்ற இன்னாருக்கு வழங்கப்படுகிறது." இதுக்குப் பின்னாடி இருக்கிற ஏற்பாடு ரொம்ப எளிமையானது. ஒரு குடும்பம், இறந்துபோன தங்கள் உறவினர் பெயரில் பல்கலைக்கழகத்திடம் ஒரு தொகையைக் கொடுக்கும். அசலை யாரும் தொடமாட்டார்கள். வருஷா வருஷம் வருகிற வட்டியில் ஒரு மாணவருக்குப் பரிசு.

பெரும்பாலும் இவை உடற்கூறியல், அறுவை சிகிச்சை, மகப்பேறு மாதிரி பாடங்களுக்குத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டன் மாதிரியான நாடுகளின் பல்கலைக்கழகப் பட்டியல்களில் வேறொரு வகைப் பரிசும் உண்டு. 'பேலியேட்டிவ் கேர்' என்கிற துறைக்கான நினைவுப் பரிசு. தமிழில் இதை வலி நிவாரண சிகிச்சை, ஆதரவு சிகிச்சை என்றெல்லாம் சொல்கிறோம். குணப்படுத்த முடியாத நோயோடு இருப்பவரின் வலியையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் குறைத்து, அவரையும் குடும்பத்தையும் கடைசிவரை கைவிடாமல் பார்த்துக்கொள்கிற மருத்துவம். மாணவர் ஒரு கட்டுரை எழுத வேண்டும், அல்லது தான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டும். சிறந்ததுக்குப் பரிசு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இறந்துபோன ஒருத்தர் பேர்ல, இறக்கப்போறவங்களைப் பார்த்துக்கிறதைப் பத்தி, இன்னும் டாக்டரே ஆகாத ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ எதுக்குப் பரிசு கொடுக்கணும்? அந்தக் காசுல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கித் தரலாமே?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நாம 1948-ல் லண்டனில் இறந்துபோன ஒரு ஹோட்டல் சர்வர்கிட்ட போய் நிற்போம்.

சாய்ஸில் விட்ட யூனிட்

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது நல்லாத் தெரியும். அஞ்சு யூனிட் இருக்கும். அதில் எதை சாய்ஸில் விடலாம் என்பதைப் பழைய கேள்வித்தாள்களை வைத்து முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுவோம். கேள்வி வராத யூனிட், நம்மைப் பொறுத்தவரை புத்தகத்திலேயே இல்லாத யூனிட்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேற்கத்திய மருத்துவம் சாய்ஸில் விட்ட யூனிட் ஒன்று உண்டு. அதுதான் மரணம். அதற்குக் காரணமும் இருந்தது. பென்சிலின் வந்துவிட்டது. மயக்க மருந்தும் அறுவை சிகிச்சையும் வேகமாக வளர்ந்தன. போன தலைமுறையில் நிச்சயம் செத்திருக்க வேண்டியவர்கள் எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள். 1948 ஜூலையில் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. எல்லாருக்கும் இலவச மருத்துவம். இவ்வளவு நம்பிக்கை இருந்த ஒரு காலத்தில், பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளி டாக்டர்களுக்குத் தங்கள் தோல்வியின் அடையாளமாகத் தெரிந்தார். வார்டு ரவுண்ட்ஸில் அவர் கட்டில் பக்கம் நிற்கிற நேரம் குறைந்தது.

வலிக்கு மருந்து இல்லாமல் இல்லை. மார்ஃபின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதைக் கொடுத்த முறைதான் பிரச்சினை. நோயாளி வலி தாங்காமல் கேட்க வேண்டும். கேட்டாலும் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள். ஏனென்றால் பழக்கத்துக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம். சீக்கிரமே கொடுத்தால் பிறகு வேலை செய்யாது என்ற பயம். இன்னும் சில வாரங்களே வாழப்போகிற ஒருவர் போதைக்கு அடிமையாகிவிடக் கூடாது என்று அவரை வலியில் வைத்திருந்தார்கள்.

சர்வரும் சமூகப் பணியாளரும்

சிசிலி சாண்டர்ஸ் 1918-ல் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் பிறந்தவர். வசதியான குடும்பம். 1938-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அரசியல், தத்துவம், பொருளாதாரம் படிக்கப் போனார். போர் வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். முதுகுப் பிரச்சினையால் அந்த வேலையைத் தொடர முடியவில்லை. திரும்பிப் போய்ப் பட்டத்தை முடித்து, மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஆனார். அந்தக் காலத்தில் அந்தப் பதவிக்கு 'ஆல்மனர்' என்று பெயர். நோயாளிக்கு வீடு இருக்கிறதா, பணம் இருக்கிறதா, டிஸ்சார்ஜ் ஆனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவனிக்கிற வேலை.

1947-ல் அவர் கவனிப்பில் வந்தவர் டேவிட் தாஸ்மா. போலந்திலிருந்து வந்த யூதர். வார்சாவைச் சேர்ந்தவர். லண்டனில் சர்வராக வேலை பார்த்தார். வயது 40. அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியாத புற்றுநோய். லண்டனில் சொல்லிக்கொள்ள உறவு என்று யாருமில்லை. சாண்டர்ஸ் அவரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். கடைசி இரண்டு மாதங்கள், ஆர்ச்வே மருத்துவமனையில் ஒரு பெரிய, சத்தமான பொது வார்டில் அவர் கிடந்தபோது, இருவரும் நிறையப் பேசினார்கள். தான் வாழ்ந்ததற்கு எந்தத் தடமும் இல்லாமல் போகப்போகிறோம் என்பதுதான் தாஸ்மாவின் பெரிய துக்கம்.

அந்தப் பேச்சுகளில் ஒரு யோசனை உருவானது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு இடம் இருந்தால் எப்படி இருக்கும்? வலியை உண்மையிலேயே அடக்கத் தெரிந்த இடம். அதே நேரத்தில், ஒரு மனிதருக்குத் தன் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்க்க அமைதி கிடைக்கிற இடம்.

1948 பிப்ரவரி 25 அன்று தாஸ்மா இறந்துபோனார். தன்னிடம் இருந்ததில் 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தார். அப்போது அந்த இல்லம் இல்லை. நிலம் இல்லை, வரைபடம் இல்லை, டிரஸ்ட் இல்லை. சாண்டர்ஸுக்கு வயது 29. அவர் கையில் இருந்தது, ஒரு சர்வரோட சேமிப்பு மட்டும்தான்.

போய் டாக்டருக்குப் படி

சாண்டர்ஸ் முதலில் செய்தது, ஏற்கனவே இதை நன்றாகச் செய்கிற இடத்தைத் தேடிப் போனது. லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்று ஒரு சிறிய மருத்துவமனை இருந்தது. சாகப்போகிற ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே மாலைகளில் தன்னார்வ நர்ஸாகப் போனார். அங்கே ஒரு வினோதத்தைப் பார்த்தார். மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுக்கவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே, வாய்வழியாகக் கொடுத்தார்கள். நோயாளிகள் தெளிவாக இருந்தார்கள். பேசினார்கள், சாப்பிட்டார்கள்.

நம்ம பாஷையில் சொன்னா, மற்ற ஆஸ்பத்திரிகள் அலர்ட் வந்த பிறகு ஓடிப்போய் சர்வரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தன. செயின்ட் லூக்ஸ் ஒரு க்ரான் ஜாப் போட்டு வைத்திருந்தது. வாயில் கொடுக்கும் மார்ஃபினின் வேலை சுமார் நாலு மணி நேரத்தில் குறைகிறது. அது முழுதாகக் குறைவதற்குள் அடுத்த டோஸ். வலி ஏறுவதற்கே இடம் கொடுக்காததால், மொத்தத்தில் மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது, வலிக்கப்போகிறதே என்கிற பயமும் போனது.

இதை அந்த இடத்தின் நர்ஸுகள் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் எந்த மருத்துவக் கல்லூரியும் இதைப் பாடமாக எடுக்கவில்லை. நல்ல கோட் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் டாக்குமென்டேஷன் கிடையாது, யாருக்கும் தெரியாது. அந்த நிலைமைதான்.

சாண்டர்ஸ் அப்போது வேலை பார்த்தது நார்மன் பாரெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணரிடம். மெடிக்கல் படிக்கிறவங்க 'பாரெட்ஸ் ஈசோஃபேகஸ்'னு படிச்சிருப்பீங்களே, அவரேதான். இறக்கும் நோயாளிகளுக்கு மறுபடி நர்ஸாகப் போகிறேன் என்று இவர் சொன்னபோது பாரெட் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: சாகிறவர்களைக் கைவிடுவது டாக்டர்கள்தான். நீ நர்ஸாகப் போய்ச் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள். போய் டாக்டருக்குப் படி.

இந்த இடத்தில்தான் கதை என்னை உட்கார வைத்தது. பாரெட் சொன்னதில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. அறிவு நர்ஸுகளிடம் இருந்தது. அதிகாரம் டாக்டர்களிடம் இருந்தது. டாக்டர்களை மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் பாஷையில், அவர்கள் பத்திரிகையில், அவர்கள் தேர்வுக்குள் போய்த்தான் மாற்ற முடியும். சாண்டர்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். 1951-ல், 33 வயதில், செயின்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவி. 1957-ல் டாக்டர். அடுத்த ஆண்டே செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் சொந்த இதழில், புற்றுநோயால் இறப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பிறகு எழுதிய எல்லாவற்றுக்கும் அங்கேதான் பிள்ளையார் சுழி.

எண்ணிக் காட்டினார்

1958 முதல் 1965 வரை, கிழக்கு லண்டன் ஹாக்னியில் ஐரிஷ் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸில் வேலை பார்த்தார். ஹாஸ்பிஸ் என்றால் இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லம். அங்கே இருந்தது அன்பு. இவர் கொண்டுபோனது குறிப்பேடு. ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன வலி, என்ன மருந்து, எவ்வளவு, என்ன நடந்தது என்று அட்டைகளில் பதிவு செய்தார். நோயாளிகள் பேசியதை டேப்பில் பதிவு செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் சேர்ந்தன. ஒழுங்கான நேரத்துக்கு மார்ஃபின் கொடுத்தால் நோயாளி போதைக்கு அடிமையாவதில்லை, டோஸ் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போவதும் இல்லை என்று அந்தப் பதிவுகளை வைத்துச் சொல்ல முடிந்தது. அதுவரை டாக்டர்களிடம் இருந்தது பயம். இவரிடம் இருந்தது டேட்டா.

அந்தப் பதிவுகளிலிருந்து இன்னொரு விஷயமும் கிடைத்தது. வலி எங்கே என்று கேட்டபோது ஒரு பெண்மணி முதுகில் ஆரம்பித்தார். பிறகு தன்னில் எல்லாமே கெட்டுவிட்டது என்றார். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் கணவரும் மகனும் வேலைக்குப் போகாமல் சம்பளம் இழக்க வேண்டியிருக்குமே என்பதும் அந்த வலியின் பட்டியலில் இருந்தது. இதிலிருந்து 1960-களின் நடுவில் சாண்டர்ஸ் உருவாக்கியதுதான் 'முழு வலி' என்ற கருத்து. உடலின் வலி, மனசின் வலி, குடும்பம் பணம் சார்ந்த வலி, ஏன் வாழ்ந்தோம் என்கிற கேள்வியின் வலி. நாலையும் சேர்த்துப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் பாதிதான் குறையும்.

1967 ஜூலையில் தென்கிழக்கு லண்டன் சிடென்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. 54 படுக்கைகள். தாஸ்மாவின் 500 பவுண்டுக்கும் இதற்கும் நடுவில் 19 வருஷம். நுழைவாயில் அருகே ஒரு பெரிய, சாதாரணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். அது டேவிட் தாஸ்மாவுக்கானது. இன்றும் இருக்கிறது.

ஆனால் தாஸ்மாவின் நினைவுச்சின்னம் அந்த ஜன்னல் மட்டும்தானா? இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

கட்டடத்தை விட வேகமாகப் பரவியது

செயின்ட் கிறிஸ்டோபர்ஸை சாண்டர்ஸ் திட்டமிட்டபோதே மூன்று வேலைகளைச் சேர்த்துத்தான் திட்டமிட்டார். நோயாளியைப் பார்த்துக்கொள்வது, ஆராய்ச்சி செய்வது, கற்றுக்கொடுப்பது. கடைசி இரண்டும் இல்லாமல் இருந்திருந்தால் அது லண்டனில் இன்னொரு நல்ல இல்லமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். 54 படுக்கையில் எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

ராபர்ட் ட்வைகிராஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, 1960-களில், சாண்டர்ஸின் பேச்சைக் கேட்டவர். 1971-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் மார்ஃபினைவிட ஹெராயின்தான், அதாவது டைஅமார்ஃபின்தான், சிறந்த வலி மருந்து என்று ஒரு நம்பிக்கை இருந்தது. சுமார் 700 நோயாளிகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார் ட்வைகிராஸ். வாய்வழியாகத் தொடர்ந்து கொடுக்கும்போது நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1977-ல் வெளியிட்டார். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பெரும்பாலான நாடுகளில் ஹெராயினுக்கு மருத்துவத்தில்கூட அனுமதி கிடையாது. மார்ஃபின் போதும் என்றால், லண்டனில் செய்ததை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்.

கனடாவிலிருந்து பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் செயின்ட் கிறிஸ்டோபர்ஸுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். 1975-ல் மான்ட்ரியலில் ராயல் விக்டோரியா மருத்துவமனைக்குள்ளேயே இதற்கென ஒரு வார்டு தொடங்கினார். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு 'ஹாஸ்பிஸ்' என்றால் ஆதரவற்றோர் விடுதி என்ற நினைப்பு வரும். அதனால் வேறு பெயர் தேடினார். அப்படிப் பிறந்த பெயர்தான் பேலியேட்டிவ் கேர். லத்தீனில் 'பாலியம்' என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் துணி. குளிரை நிறுத்த முடியாது, போர்வை கொடுக்கலாம் என்கிற அர்த்தத்தில் இதை எடுத்துக்கலாம்.

1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்று படி முறையை வெளியிட்டது. சாதாரண மாத்திரையில் தொடங்கி, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை. வாய்வழியாக, நேரம் தவறாமல். செயின்ட் லூக்ஸ் நர்ஸுகள் செய்துகொண்டிருந்தது இப்போது உலக விதி. 1987-ல் பிரிட்டன் இதைத் தனி மருத்துவத் துறையாக அங்கீகரித்தது. தாஸ்மா இறந்து 39 வருஷம்.

7 மணி நேரமா, 98 மணி நேரமா

தனித்துறை வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. தனித்துறை நிபுணர்கள் ஒரு நாட்டில் சில நூறு பேர், மிஞ்சிப்போனால் சில ஆயிரம் பேர். மரணம் எல்லா வார்டிலும் நடக்கிறது. இதயத்துறையில், சிறுநீரகத்துறையில், ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கிற 24 வயது டாக்டர் முன்னாடி நடக்கிறது. அந்த 24 வயதுக்காரருக்குத் தெரியவில்லை என்றால் எதுவும் மாறாது.

பிரிட்டனின் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் 2013-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஐந்தாறு வருடப் படிப்பில் இந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். சராசரி 36 மணி நேரம். ஆனால் ஒரு கல்லூரியில் 7 மணி நேரம், இன்னொன்றில் 98 மணி நேரம். ஒரே நாடு, ஒரே சுகாதார சேவை, முடிக்கிற எல்லாருக்கும் ஒரே உரிமம். இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? என் கணிப்பு இது: சிலபஸ் என்பது இடத்துக்கான சண்டை. ஒவ்வொரு துறையும் இன்னும் நாலு மணி நேரம் கேட்கும். எங்கே உள்ளே இருந்து விடாமல் கேட்கிற ஆள் இருக்கிறாரோ அங்கே நேரம் கிடைக்கும்.

இப்போ நம்ம நினைவுப் பரிசுக்கு வருவோம்.

"ஒரு மாணவனுக்குப் பரிசு கொடுத்தா மத்த 200 பேருக்கு என்ன பிரயோஜனம்? எழுதுறவன் ஏற்கனவே அக்கறை உள்ளவன்தானே?" நியாயமான கேள்வி. இன்னும் கூர்மையாகக்கூடக் கேட்கலாம்: சாகிறவரிடம் காட்டுகிற பரிவுக்கு ரேங்க் போட முடியுமா?

முடியாதுதான். பரிசின் வேலை அதுவும் இல்லை. ஒரு பரிசு இருக்கிறதென்றால் வருஷத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் போர்டில் அந்தச் சொல் வரும். தலைப்பு கொடுக்க ஒரு பேராசிரியர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வந்த கட்டுரைகளை யாராவது படிக்க வேண்டும். எழுதுகிறவர் ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் உடற்கூறியலுக்கும் பக்கத்தில், அதே பட்டியலில், அதே எழுத்தளவில் இந்தப் பாடத்தின் பெயரும் அச்சாகும். இது சாய்ஸில் விடுகிற யூனிட் இல்லை என்று கல்லூரி தன் வாயால் சொல்கிறது. மாணவராக இருந்தபோது கேட்ட ஒரு பேச்சு ட்வைகிராஸை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். மாணவர்மேல் வைக்கிற பணத்துக்குப் பலன் தெரிய முப்பது, நாற்பது வருஷம் ஆகும். ஆனால் அது நிற்காமல் ஓடும். கட்டில் வாங்கிக் கொடுத்தால் கட்டில் தேயும்.

அபின் விளையும் நாட்டில் மார்ஃபின் இல்லை

இந்தக் கதை நம்ம பக்கம் எப்படி வந்தது?

இந்தியா சட்டபூர்வமாக அபின் விளைவிக்கிற நாடு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விளைகிறது. மருந்து தயாரிக்க ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்கப் பல மாநிலங்களில் நாலைந்து தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. தவறினால் கடும் தண்டனை. மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. அடுத்த 12 வருஷத்தில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. விளைவு என்ன? மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை டாக்டர்கள் பட்டம் வாங்கினார்கள்.

1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும், வேறு சிலரும் சேர்ந்து வலி மற்றும் ஆதரவு சிகிச்சைக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டு பேருமே மயக்கவியல் டாக்டர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் துறையை உருவாக்கியிருந்த அதே ட்வைகிராஸ் இந்தியாவுக்குப் பலமுறை வந்து பாடம் நடத்தினார். கேரளத்தில் இது தன்னார்வலர்களின் இயக்கமாகவே பரவியது. 2008-ல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2010-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் இதை எம்.டி. படிப்பாக அங்கீகரித்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே உரிமம் போதும் என்றானது. 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் மாணவர் கற்க வேண்டியவற்றில் இடம்பிடித்தன. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிற சேவைகளில் இதுவும் ஒன்று.

இந்த வருஷங்களை நான் ஏன் இவ்வளவு கவனமா அடுக்குறேன்னு சொல்லிடுறேன். 2016-ல் என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஒரு மருத்துவமனையில், என் வயசு இருக்கும் ஒரு டாக்டர், ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." பெரியம்மா அதுக்கப்புறம் பதினொரு வாரம் உயிரோட இருந்தாங்க. அந்தப் பதினொரு வாரமும் பண்றதுக்கு நிறைய இருந்தது. வலிக்கு, வாய்ப்புண்ணுக்கு, மலச்சிக்கலுக்கு, ராத்திரி வர்ற பயத்துக்கு, பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு. எது எதுக்கு என்ன பண்ணணும்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியலை.

அந்த டாக்டர்மேல எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ அந்தக் கோபம் வேற இடத்துக்குப் போயிடுச்சு. அவர் எப்போ கல்லூரியில சேர்ந்திருப்பார்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2019 பாடத்திட்டத்துக்கு ரொம்ப முன்னாடி. மார்ஃபின் சட்டத் திருத்தத்துக்கும் முன்னாடி. "ஒண்ணும் இல்லை"ன்னு அவர் சொன்னது கல்நெஞ்சத்தால இருக்கணும்னு அவசியம் இல்லை. அவருக்கு யாரும் அந்த யூனிட்டை நடத்தியிருக்க மாட்டாங்க. அவர் எழுதின தேர்வுல அந்தக் கேள்வி வந்திருக்காது.

சிசிலி சாண்டர்ஸ் 2005 ஜூலையில், 87 வயதில், புற்றுநோயால் இறந்தார். தான் கட்டிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸிலேயே, அங்கே பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க ஃபோன் கான்டாக்ட்ல மெடிக்கல் படிக்கிற, இல்ல முடிச்ச ஒரு ஃப்ரெண்ட் கண்டிப்பா இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க: "குணமாக்க முடியாத நோயாளியை எப்படிப் பார்த்துக்கணும்னு உனக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாங்க?" காலேஜ் பேர் வேண்டாம், வருஷமும் மணி நேரமும் மட்டும் எனக்கு அனுப்புங்க. வர்ற பதில்களை அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். இறந்துபோன யார் பேர்லயாவது ஏதாவது செய்யணும்னு உங்க வீட்ல பேச்சு வந்தா, பக்கத்துல இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கு ஒரு ஃபோன் பண்ணி, இந்தப் பாடத்துக்கு ஒரு பரிசு வைக்கலாமான்னும் கேட்டுப் பாருங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.